எழுத்தின் உருவமும் எந்திரத்தின் குணமும்

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பேரவைத் தோழர்கள் கேட்டார்கள். கவிதை நிறைய வந்துவிட்டதாம். ஆகவே கட்டுரை. "ஈ.சி.ஈ. படிக்கிற பொண்ணு தமிழ் எழுத்தைப் பத்தி என்ன எழுதிடப் போகுது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் மின்னணுவியலும் வருகிறது, கொஞ்சம் கணக்கும் வருகிறது.

நாம் இன்று எழுதும் தமிழ் எழுத்து ஆதி முதல் இப்படியே இருந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. எழுதுகிற பொருள் மாறும்போதெல்லாம் எழுத்தின் உடம்பும் மாறியிருக்கிறது.

பனை ஓலையை எடுத்துக்கொள்வோம். ஓலைக்கு நரம்பு உண்டு. நரம்பு ஓடும் திசையிலேயே எழுத்தாணியால் நீளக் கோடு இழுத்தால் ஓலை கிழியும். புள்ளி குத்தினால் ஓட்டை விழும். அதனால் ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். விளைவு என்ன? 'க' என்று இருந்தால் அது க-வா, க்-கா என்று படிப்பவர்தான் இடம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். எகரமும் ஏகாரமும் ஒரே உருவம். ஒகரமும் ஓகாரமும் ஒரே உருவம். துணைக்காலும் 'ர'வும்கூட ஒரே மாதிரி. ஒரு பக்கம் படிப்பதே ஒரு பரீட்சை! இத்தகைய ஏடுகளைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி யாருக்குக் கிடைத்தது? எங்கள் முப்பாட்டனுக்குக் கிடைக்கவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சானது. ஈயத்தில் புள்ளி வைப்பதற்குத் தடை ஏது? 18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இப்படிக் குழப்பம் குறையக் குறையத்தான் தனிப் பயிற்சி இல்லாதவர்களும் படிக்க வழி பிறந்தது.

ஆனால் ஈயத்துக்கும் ஒரு குணம் உண்டு. கு, கூ, ஙு, சு, சூ என்று ஒவ்வொரு உகர, ஊகார எழுத்துக்கும் தனித்தனி அச்சு வார்க்க வேண்டும். கம்போசிடர் முன்னால் இருக்கும் கேஸில் அத்தனைக்கும் தனித்தனி அறை. அவர் நின்றுகொண்டே ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, இடம் வலம் மாறிய எழுத்தைப் படித்துக்கொண்டே கோர்ப்பார். பிறகு தட்டச்சுப் பொறி வந்தது. நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் 247 எழுத்தையும் அடக்க வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். புள்ளி விசையைத் தட்டினால் வண்டி நகராது. முதலில் புள்ளி, பிறகு அதே இடத்தில் எழுத்து. தட்டச்சு வகுப்புக்குப் போன அக்கா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து வருவது நம் பெற்றோர், தாத்தா பாட்டி காலத்திலேயே நடந்த மாற்றம். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் தும்பிக்கை போல மேலே ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் சுழித்துக்கொண்டு நிற்கும். பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டுக் காட்டினார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா மூன்று. ணை, லை, ளை, னை நான்கு. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறு. ஆக 13 எழுத்துகள் புது உருவம் பெற்றன. (ஐ-க்குப் பதில் அய், ஔ-க்குப் பதில் அவ் என்று பெரியார் எழுதியதை மட்டும் அந்த ஆணை எடுத்துக்கொள்ளவில்லை.) இப்போது யாரும் அதை ஒரு பெரிய விஷயமாகவே பேசுவதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையிலோ, கோயில் சுவரிலோ தும்பிக்கை 'லை'யைப் பார்த்தால் நம் வகுப்பில் பாதிப் பேர் "இது என்ன எழுத்து?" என்கிறார்கள். பண்பாடு மாறுவது இப்படித்தான் போலிருக்கிறது, சத்தமே இல்லாமல்.

கணினி வந்த கதை தனி வேடிக்கை. தொடக்கத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்து உட்கார்ந்திருந்த இடத்தில் தமிழ்ப் படத்தை ஒட்டி ஏமாற்றினார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா போய் எம்.கே.தான் வருவார். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஒட்டு வேலை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில்தான் ஒரு பொது விசைப்பலகை முடிவாகி, தமிழ் 99 என்று பெயர் பெற்றது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். ம-வை இருமுறை தட்டினால் முதல் ம-வுக்குத் தானாகவே புள்ளி விழும். ஆகவே 'அம்மா'வுக்கு நான்கு தட்டுதான். நான் பழகிவிட்டேன், சுகமாக இருக்கிறது. ஆனால் நம் வகுப்பில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம்.

1991-ல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. தமிழக அரசு 2010-ல் அதைத் தரமாக ஏற்றது. இதில் 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடு. கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் தமிழ் என்றால் 70 குறியீடுதான் அடங்கும், அதில் ஓர் அம்மாவுக்கே ஐந்து போய்விடும். இன்னொன்றையும் கவனியுங்கள். 'கே' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் நினைவில் 'க' முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும்போது இடம் மாற்றிப் போடுவது மென்பொருளின் வேலை. பின்னால் இது நமக்கு வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த அலையில்தான். களை எடுத்துவிட்டு வந்து, சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து அப்பத்தா எழுத்துக் கூட்டினார். கையெழுத்துப் போடக் கற்றதைவிட அவருக்குப் பெருமை, பஸ் போர்டைப் படித்ததுதான். "அதுவரைக்கும் இது எந்த ஊருக்குப் போவுதுன்னு கேட்டுக் கேட்டே ஏறினவ நான். அன்னைக்கு யாரையும் கேக்காம ஏறுனேன் ஆத்தா" என்பார். முப்பது வருஷம் அப்படித்தான் ஏறினார்.

இப்போது பல பேருந்துகளில் பெயிண்ட் எழுத்து போய் எல்.ஈ.டி. பலகை வந்துவிட்டது. இரவில் பளிச்சென்று தெரியும், வழித்தடம் மாறினால் உடனே மாற்றலாம், எல்லாம் நல்லதுதான். ஆனால் எழுத்து நிற்பதில்லை, ஓடுகிறது. போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அப்பத்தா பஸ் ஸ்டாண்டில் இரண்டு வண்டியை விட்டுவிட்டு நின்றிருக்கிறார். கடைசியில் ஒரு பையனைக் கேட்டாராம். அவன் செல்போனிலிருந்து தலை நிமிராமலே பதில் சொன்னானாம். வீட்டுக்கு வந்து, "எழுத்து ஓடுது புள்ள. 'பு'ன்னு கூட்டுறதுக்குள்ள 'து' போயிருது" என்றார். அப்பா கண் சோதனைக்கு அழைத்துப் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே? கணக்குப் போடுவோம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பி10 பலகை ஒன்றில் 32 நெடுவரிசை, 16 கிடைவரிசை, மொத்தம் 512 விளக்கு. மூன்று பலகையை ஒட்டினால் 96 நெடுவரிசை. வரைபடத் தாளில் 'புதுக்கோட்டை' என்று நான் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தேன். பு 10, து 14, க் 10, கோ 24, ட் 9, டை 18, இடைவெளி 5. ஆக 90 நெடுவரிசை. எழுத்து ஒரு விநாடிக்கு 30 நெடுவரிசை வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். முழுப் பெயரும் ஒருசேரப் பலகையில் தெரியும் நேரம் எவ்வளவு? மிச்சம் இருக்கும் 6 நெடுவரிசையைக் கடக்கும் நேரம் மட்டுமே. 6-ஐ 30-ஆல் வகுத்தால் 0.2 விநாடி!

நமக்கு அது போதும். ஏனென்றால் நாம் எழுத்துக் கூட்டுவதில்லை, சொல்லை ஒரு படமாகப் பார்க்கிறோம். '...க்கோட்டை' என்று வால் தெரிந்தாலே தலையை நாமே வைத்துக்கொள்வோம். நடுவயதில் எழுத்துக் கற்றவருக்கு அந்த வசதி இல்லை. அவர் பு, து, க் என்று ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கோர்க்க வேண்டும். பிடிப்பதற்கு முன் ஓடிவிட்டால் எதைக் கோர்ப்பது?

"அதான் செல்போன்ல பேசினா பதில் சொல்லுதே, இனிமே எழுத்தெல்லாம் எதுக்கு?" என்று என் தோழி கேட்டாள். குரல் நல்ல உதவிதான், அப்பத்தாவே பேரனுக்குக் குரல் செய்தி அனுப்புகிறார். ஆனால் கேட்பது வேறு, படிப்பது வேறு. படிக்கத் தெரிந்தவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது வழி மட்டும் இல்லை, கேட்காமல் ஏறும் அந்த உரிமையும்தான். அதைக் கொடுத்தது பெயிண்ட் பலகை. எடுத்துக்கொண்டது நம் மின்னணுவியல். அப்படியானால் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நாம்தானே?

ஆகவே எங்கள் குழு மூவரும் இதையே இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்தோம். எழுத்து ஓடாது. ஒரு ஊர் பெயர் முழுதாக மூன்று விநாடி நிற்கும், பிறகு வழியில் உள்ள ஊர் மூன்று விநாடி நிற்கும். கேட்க எளிது. செய்யும்போதுதான் சிக்கல்.

மைக்ரோகண்ட்ரோலருக்குக் கொம்பை இடம் மாற்றும் மென்பொருள் எல்லாம் கிடையாது. எல்லாவற்றையும் நாமே படமாக வரைந்து வைக்க வேண்டும். ஒரு எழுத்துக்கு 16க்கு 16 கட்டம் என்றால் 32 பைட். 247 எழுத்துக்கு 7,904 பைட். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா 328-ல் ரேம் 2 கே.பி. மட்டுமே; அதில் வைக்க முடியாது, 32 கே.பி. ஃபிளாஷில் வைக்க வேண்டும். ஆனால் 247-ம் தேவையில்லை என்று பிறகு புரிந்தது. மெய், அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறு வரிசை, 18 வீதம் 108 படம். உயிர் 12, ஆய்தம் 1. துணைக்காலும் மூன்று கொம்புகளும் சேர்த்து 4. மொத்தம் 125 படம், 4,000 பைட். மற்றதெல்லாம் ஒட்டிக்கொள்ளலாம். (ணூ மாதிரி அகலமானவை சில 16-க்குள் நிற்காது, அவற்றுக்கு இரட்டைக் கட்டம்.) 1978-க்கு முந்திய எழுத்தாக இருந்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஏழுக்கும் தனிப் படம் வரைந்திருக்க வேண்டும். இங்கே வந்தபோதுதான் அந்த ஆணையின் அருமை எனக்கு விளங்கியது.

ரொம்பத் தொல்லை கொடுத்தவை இரண்டு ஜோடி. 'கி'யும் 'கீ'யும் உச்சியில் ஒரு சின்னச் சுழியில்தான் வேறுபடும். 16 வரிசையில் மேல்விலங்குக்கு 4, கீழ்விலங்குக்கு 3 போனால் உடம்புக்கு 9 மிச்சம். நான்கு வரிசையில் சுழி போட்டால் உள்ளே ஒரு விளக்காவது அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூரத்தில் வெறும் கட்டியாகத் தெரியும். 'ண'வும் 'ன'வும் அப்படியே. அழகுக்காக ஒடுக்கினால் மூன்று சுழி இரண்டாகிவிடும். நாங்கள் அழகை விட்டுவிட்டுச் சுழியை அகலப்படுத்தினோம்.

பலகை எங்கள் ஆய்வகத்தில் ஜன்னலோர மேசையில் இருக்கிறது. அறந்தாங்கி, திருமயம், புதுக்கோட்டை உள்படப் பத்து ஊர்களை ஏற்றியிருக்கிறோம். உங்கள் ஊர் பெயரை எழுதித் தாருங்கள், 96 நெடுவரிசைக்குள் அடங்குகிறதா என்று வரைந்து பார்க்கிறோம். 'ஆவுடையார்கோவில்' மட்டும் இன்னும் அடங்க மாட்டேன் என்கிறது.