நெற்பயிர் மஞ்சளிப்பதேன்?

வயலிற் பயிர் பச்சை குன்றி மஞ்சளிக்கத் தொடங்கியதும் யூரியாவைத் தேடி ஓடுவது எமது கமக்காரரிடையே நெடுங்காலமாக ஊறிய வழக்கமாகும். நைதரசன் குறைவால் மஞ்சளித்த பயிருக்கு யூரியா நன்மருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால், நெல்லின் இலை மஞ்சளிப்பதற்கு நைதரசன் குறைவு ஒன்றே காரணமன்று. எரிபந்த நோய் கண்ட வயலுக்கும், பற்றீரியா நோய் பற்றிய வயலுக்கும், அறக்கொட்டியான் பிடித்த வயலுக்கும் யூரியா இடுதல் எரிகின்ற நெருப்பில் நெய் வார்ப்பதை ஒக்கும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீங்கிய பின்னரும் பசளை விலை ஏறி நின்றதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காரணமறியாது ஒரு பை யூரியாவை நீரிற் கரைப்பது எந்தக் குடும்பத்துக்கும் தாங்கக்கூடிய செலவன்று. ஆகவே, பையைத் திறக்குமுன் பயிரைப் பார்க்கும் முறையை இங்கு கூறுவோம்.

முதலிற் கவனிக்க வேண்டியது இலையையன்று, வயலையே. காலை வேளையில் வரம்பின்மீது நின்று, மஞ்சள் நிறம் எவ்வாறு பரவியுள்ளதெனப் பாருங்கள். வயல் முழுவதும் ஒரே சீராக வெளிறியிருப்பின் அது பெரும்பாலும் ஊட்டக்குறைவேயாகும். வட்டம் வட்டமாகவோ திட்டுத் திட்டாகவோ காணப்படின் பூச்சி, நோய், உவர், மேடுபள்ளம் ஆகியவற்றுள் ஒன்றை ஐயுறல் வேண்டும். தெளிகருவியைச் சுமந்து நடந்த வழியே நேர்கோடாகத் தோன்றுமாயின் அது களைநாசினி இருமுறை பட்ட இடமாகும். அளவு பெரிதும் மிகாதிருப்பின் இத்தகைய பயிர் புதிய இலை விட்டுத் தானே தேறிவிடும். அதற்கு மருந்து தேடி அலைய வேண்டுவதில்லை. வக்கடைக்கு அருகில் பச்சையாகவும் கடைக்கோடியில் மஞ்சளாகவும் இருப்பின், நீர் எங்கும் ஒருபடித்தாக ஏறுகின்றதா என்று பாருங்கள்.

அடுத்து, ஒரு பயிரைப் பிடித்து, மஞ்சளித்தது கிழட்டு இலையா, குருத்திலையா என்று நோக்குக. இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். நைதரசன் போதாவிடத்துப் பயிர் தன் கீழிலைகளில் உள்ளதை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகின்றது. ஆதலின் கீழிலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்துக் காய, மேலிலைகள் ஓரளவு பச்சையாகவே இருக்கும். பயிர் குட்டையாக நிற்கும், மட்டங்கள் குறையும். கந்தகம் அவ்வாறு எளிதில் இடம் பெயர்வதில்லை. எனவே கந்தகக் குறைவில் வெளிறுவது முதலிற் குருத்திலையாகும். பொற்றாசியம் குறைந்தாலோ கீழிலைகளின் நுனியும் ஓரங்களும் மட்டும் மஞ்சளித்துப் பின் கபில நிறமாகி எரிந்தாற்போலத் தோன்றும். இலையின் நடுப்பாகம் பச்சையாக இருக்கும்.

நாற்று நட்டு அல்லது விதைத்து இரண்டு முதல் நான்கு வாரங்களுள், கீழிலைகளில் துருப்பிடித்தாற்போன்ற கபிலத் திட்டுகள் தோன்றி, இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பாகத்தில் வெளிறி, பயிர் வளராது குந்தியிருக்குமாயின் நாகக் குறைவை ஐயுறுக. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணிலும், நீர் வற்றாது எப்போதும் தேங்கி நிற்கும் வயல்களிலும் இது மிகுதி. நீரை வடித்து மண்ணைச் சிறிது காற்றாட விடுதலே பல வயல்களிற் பயன் தந்துவிடும். குறைவு உறுதியானால் நாக சல்பேற்று இடல் வேண்டும். அதனை முச்சுப்பர் பொசுபேற்றுடன் கலந்து இடலாகாது.

வேரைப் பாராது முடிவு செய்யாதீர்கள்

இலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவோர் பலர். பயிரைச் சேற்றோடு கிளப்பி, நீரில் அலசி, வேரைப் பாருங்கள். நல்ல வேர் செங்கபில நிறமாக, நுனியில் வெண்ணிறப் புதுவேர்களுடன் காணப்படும். வேர் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசுமாயின் மண்ணினுள் நச்சுவாயு தேங்கியுள்ளது. உக்காத வைக்கோலையோ பசுந்தழையையோ உழுது மடக்கிய கையோடு விதைத்த வயல்களில் இதனைப் பெரிதும் காணலாம். உக்கும் வைக்கோல் மண்ணிலுள்ள நைதரசனையும் சில காலம் தன்வசம் பிடித்து வைத்துக்கொள்ளும். வைக்கோலை எரிக்காது மண்ணுக்குக் கொடுப்பது மிக நன்றே; ஆயின், விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே மடக்கிவிடுதல் வேண்டும். இப்போது செய்யத்தக்கது நீரை வடித்தலேயாகும்.

களுத்துறை, காலி, மாத்தறை முதலிய ஈரவலயத் தாழ்நில வயல்களிற் பயிர் செய்வோர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அங்கு கீழிலைகளின் நுனியிலிருந்து நுண்ணிய கபிலப் புள்ளிகள் தோன்றிப் பெருகி, இலை முழுவதும் செம்மஞ்சள் நிறமாகிவிடும். இது இரும்பு மிகுதியால் நேர்வது. நீரின்மேல் எண்ணெய் படிந்தாற்போன்ற செம்படலம் மிதக்கும். அதனை ஒரு குச்சியாற் கலைத்துப் பாருங்கள். எண்ணெயாயின் வளைந்தோடி மீண்டும் கூடும். இரும்புப் படலமோ துண்டு துண்டாக உடையும். மேட்டிலிருந்து கசிந்துவரும் நீரை வயலோரத்தில் வாய்க்கால் வெட்டித் திருப்பி, வயல்நீரை வடித்து, பொற்றாசியப் பசளையைக் குறைவின்றி இடுதலே வழி. அடுத்த போகத்துக்கு, பொம்புவலை நெல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென வெளியிட்ட இனங்களைக் கேட்டுப் பெறுங்கள்.

கையோடு செய்யத்தக்க சோதனைகள்

நாற்றுப் பருவத்தில் இலைநுனி உட்புறமாகச் சுருண்டு காயுமாயின், உள்ளங்கையை நனைத்து இலைகளின் மேல் தடவிப் பாருங்கள். நுண்ணிய கரும்பூச்சிகள் கையில் ஒட்டுமாயின் அது பனிப்பூச்சி. பயிர் மூழ்குமாறு ஓரிரு நாள் நீர் கட்டினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். நடுக்குருத்து மட்டும் மஞ்சளித்து, இழுத்தவுடன் கையோடு வருமாயின் தண்டினுள் புழு உண்டு. இலைகளிற் கண் வடிவான புள்ளிகள், நடுவிற் சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமுமாகத் தோன்றின் அது எரிபந்தம்.

பெருமழையும் காற்றும் அடித்த பின்னர் இலையின் ஓரங்கள் நுனியிலிருந்து கீழ்நோக்கி அலையலையாக மஞ்சளித்து வைக்கோல் நிறமாயின், நோய்கண்ட இலையொன்றைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாய் நீரில் மூழ்குமாறு கண்ணாடிக் குவளையில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இறங்குமாயின் அது பற்றீரியா இலைவெளிறல் நோயே. இதனை மாற்றவல்ல தெளிமருந்து இல்லை. யூரியாவை நிறுத்தி, நீரை வடித்து, அந்நீர் அயல் வயலுக்குள் பாயாமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

வட்டமாக எரிந்து வரும் திட்டுகளில், எரிந்த இடத்தையன்று, அதன் ஓரத்திற் பச்சையாக நிற்கும் பயிரின் அடிமூட்டைத் தட்டிப் பாருங்கள். சிறு கபிலத் தத்திகள் பொலபொலவென நீரில் வீழுமாயின் அது அறக்கொட்டியான். கண்ட கண்ட பூச்சிநாசினியைத் தெளித்தால் அதனைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளுமே முதலில் மடியும். தத்தியோ முன்னினும் பெருகும். நீரை வடித்து, பயிரின் இடையே வெயிலும் காற்றும் படும்படி விலக்கிவிட்டு, உங்கள் போதனாசிரியருக்கு அன்றே அறிவியுங்கள்.

மரக்கறித் தோட்டக்காரருக்கும் கிழட்டிலை, குருத்திலை விதி பொருந்தும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணிற் குருத்திலை வெளிறி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால், யூரியாவாற் பயனில்லை. அது இரும்புக் குறைவு.

நோயும் பூச்சியும் இல்லையென்று கண்டும் ஐயம் தீராவிடின், வயலில் 10 அடிக்கு 10 அடி இடத்தைச் சேற்றால் வரம்பு கட்டிப் பிரித்து, நீரைக் குறைத்து, 46 கிராம் யூரியாவை அதனுள் மட்டும் சீராகத் தூவுங்கள். இது ஏக்கருக்கு 20 கிலோ என்னும் அளவாகும். ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் அவ்விடம் மட்டும் பசுமையாகத் தெரியுமாயின் வயல் முழுவதற்கும் தேவை நைதரசனே. மாறாவிடின் பையின் வாயைக் கட்டிவிட்டு வேறு காரணத்தைத் தேடுங்கள்.

கமநல சேவை நிலையத்துக்கு மாதிரி கொண்டுவருவோர் ஓர் இலையை மட்டும் மடியிற் கட்டிக்கொண்டு வருகின்றனர். வருமுன் அது வாடிவிடுகின்றது. நோய்கண்ட பயிரொன்றையும் நல்ல பயிரொன்றையும் வேரோடும் மண்ணோடும் கிளப்பி, வேர்ப்பாகத்தை ஈரச் சாக்கிற் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு, காலையிலேயே கொண்டுவாருங்கள். விதைத்த திகதி, நெல்லினம், இட்ட பசளையும் தெளித்த மருந்தும், நிறம் மாறத் தொடங்கிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வருதல் நலம்.