முல்லை மருதமான நிலம்

அண்ணனூர் நிலையத்தினின்று சென்னை நோக்கிச் செல்வார்க்கு அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். அங்கே பழங்கோயிலைக் காண்கின்றோம். அப்பாலே அம்பத்தூர் ஏரியையும் காண்கின்றோம். ஊர்ப்பெயர் கூறும் முல்லைக்காட்டை மட்டும் காண்கிலோம். அக்காடு எங்கே சென்றது?

மாசிலாமணீசுவரர் கோயில் வரலாறே இதற்கு விடை கூறுகின்றது. புழற்கோட்டையிலிருந்த ஓணன், வாணன் என்னும் குறும்பர்மேற் படையெடுத்த தொண்டைமானது யானையின் கால்களை முல்லைக்கொடிகள் பிணித்தன. அவற்றை வாளால் வெட்டியபோது உள்ளிருந்த சிவலிங்கமும் வெட்டுண்டது என்பர். குறும்பர் கோட்டையினின்று கொணர்ந்தவை எனப்படும் எருக்கந்தூண்கள் இரண்டு சந்நிதிமுன் இன்றும் நிற்கின்றன. எருக்கு தூணாகும் அளவு பருத்தல் வியப்பே! நந்தி இறைவனை நோக்காது கிழக்கு நோக்கியிருத்தல், மன்னனுக்குத் துணையாகப் போருக்கெழுந்த நிலையாம். குறும்பர் சமணரென்றும், புழலிலுள்ள ஆதிநாதர் கோயில் அவர் தொடர்புடையதென்றும் செவிவழிச் செய்தியுண்டு.

குறும்பர் ஆடு மேய்த்தவர். ஆநிரையும் ஆடும் மேயும் காடு முல்லை. நெல் விளையும் வயல் மருதம். ஆகவே, வெட்டுண்ட கொடியை ஒரு நிலம் மற்றொன்றானதன் அடையாளமாகக் கொள்ளல் பொருந்தும் என்பது நம் கருத்து. வற்றாத ஆறில்லாத இப்பகுதியில் மழைநீரைத் தேக்கினாலன்றி மருதமில்லை. அதனால் ஏரிகளைத் தொடராக அமைத்தனர். அம்பத்தூர் ஏரி நிரம்பின் மிகைநீர் கலங்கல்வழியே கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும்.

1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைந்தது. பின்னர் மருதமும் வீடுகளாயிற்று. ஏரிகள் உள்ளன, மதகுநீரை ஏற்கும் வயல்கள் இல்லை. 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில் கொரட்டூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தது.