காலி லாரியின் கணக்கு

நெடுஞ்சாலை லாரிகளின் முகப்பில் ‘என்.பி.’ என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். ‘நேஷனல் பெர்மிட்’ என்பதன் சுருக்கம் அது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் இத்தகைய லாரிகள் ஏராளம். கடனில் ஒரே ஒரு லாரி வாங்கித் தாமே ஓட்டுகிறவர்களும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்து ஊர்களுக்கு ஓட்டுவது நல்லதா, வெளிமாநிலத்துக்கு ஓட்டுவது நல்லதா?

லாரிக்குச் செலவு இரு வகை. கடன் தவணை, இன்சூரன்ஸ், வரி ஆகியவை வண்டி நின்றாலும் ஓடினாலும் உண்டு. இது நாட்செலவு. டீசல், டயர் தேய்மானம், சுங்கம் ஆகியவை ஓடும் தூரத்தைப் பொறுத்தவை. இது ஓட்டச் செலவு. கணக்குக்காக நாட்செலவு 4,000 ரூபாய், ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சேலத்திலிருந்து கோவை சுமார் 165 கி.மீ. போக வர 330. சரக்கு ஏற்ற ஒரு நாள், இறக்க ஒரு நாள் போனால், நாட்செலவு கிலோமீட்டருக்கு 24 ரூபாய் ஆகிறது. ஜவ்வரிசி மூட்டைகளுடன் நாசிக் போனால் சுமார் 1,250 கி.மீ. போக 3 நாள், இறக்கி ஏற்ற 2 நாள், வர 3 நாள். 2,500 கிலோமீட்டருக்கு 8 நாள். நாட்செலவு கிலோமீட்டருக்கு 13 ரூபாய்தான். தூரம் கூடக்கூட நாட்செலவு பரவி மெலிந்துவிடுகிறது.

அப்படியானால் நெடுந்தூரமே லாபமா? பொறுங்கள். போகும் வாடகை 75,000. திரும்பும்போது வெங்காயம் ஏற்றினால் 50,000 என்போம். வரவு 1,25,000. செலவு 75,000 + 32,000 = 1,07,000. மிச்சம் 18,000. எட்டு நாள் உழைப்புக்கு அவருடைய கூலி இதுதான்.

ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் ஏழே நாளில் காலியாகத் திரும்பினால்? பாரம் இல்லாததால் டீசல் குறையும், ஆனால் பாதியாகிவிடாது. வண்டியின் சொந்த எடையே பல டன். காற்றின் எதிர்ப்போ வேகத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. உள்ளே சரக்கு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சுங்கமும் குறையாது. கிலோமீட்டருக்கு 24 ரூபாய் என்று கொண்டால் ஓட்டச் செலவு 67,500, நாட்செலவு 28,000. மொத்தம் 95,500. வரவோ 75,000. நஷ்டம் 20,500! கைக்கூலி போனதோடு, தவணைக்கும் கடன் வாங்க வேண்டியதுதான்.

ஆகவே லாரித் தொழிலில் போகும் வாடகையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. திரும்பும் சுமையும், அதற்காகக் காத்திருக்கும் நாள்களும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இப்போது நீங்களே செய்து பாருங்கள். நாசிக்கில் இன்றே 30,000 ரூபாய்க்கு ஒரு லோடு இருக்கிறது. 50,000 ரூபாய் வெங்காய லோடுக்கு நான்கு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். எதை ஏற்பீர்கள்? நான்கு நாள் ஆறு நாளாக நீண்டுவிட்டால் உங்கள் விடை மாறுமா?