வள்ளூரில் கர்னல் எழுதும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதிய லினக்ஸ் டிரைவரைப் படித்தேன். இயங்குதளத்துக்குப் பொருந்துவது சி-யா, ரஸ்ட்டா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன்: நீ எழுதிய வரிசையிலேதான் நினைவகம் மாறும் என்று உனக்கு வாக்குக் கொடுத்தது யார்?

முதலில் சாதனம் படிக்க வேண்டிய டெஸ்க்ரிப்டரை நினைவகத்தில் நிரப்புகிறாய். பிறகு சாதனத்தின் ரெஜிஸ்டரில் எழுதி, வேலை தயார் என்று சொல்கிறாய். உன் எக்ஸ்86 லேப்டாப்பில் இது ஓடும்; அந்தச் சிப் எழுதுவதை வரிசை மாறாமல் வெளியே காட்டும். நீ ஓட்ட ஆசைப்படும் சிப்பின் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பு அப்படி வாக்குத் தரவில்லை. இரண்டாவது எழுதியது முன்னால் போய்ச் சேரலாம். சாதனம் பழைய குப்பையைப் படித்துவிடும். உங்கள் ஊர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பார். சப்ளையை நிறுத்தியாக வேண்டும், எல்.சி. என்ற லைன் கிளியர் அனுமதியும் கைக்கு வந்தாக வேண்டும். எது முந்தியது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நிரலில் மெமரி பேரியர் என்ற கட்டளை காப்பதும் அந்த முன்பின்னைத்தான்.

நீ பேரியருக்குப் பதில் 'வாலட்டைல்' போட்டிருக்கிறாய். அது கம்பைலரைத்தான் கட்டும், சிப்பைக் கட்டாது. சாதன ரெஜிஸ்டரில் எழுதும் லினக்ஸின் 'ரைட்எல்' ரிஸ்க்-ஃபைவில் ரெஜிஸ்டரைத் தொடுமுன் ஃபென்ஸ் என்ற பேரியர் கட்டளையை வைக்கிறது. அதன் 'ரிலாக்ஸ்டு' வகையில் அந்தக் காவல் கிடையாது. வேகத்துக்காக அந்த வகையைப் பயன்படுத்தினால் பொறுப்பு முழுக்க உன்னுடையது.

இனி நீ கேட்ட சி-க்கு வருகிறேன். யூனிக்ஸ் கர்னலை சி-யில் திருப்பி எழுதியது 1973-ல். நினைவக வரிசைக்கான விதிகளைச் சொல்லும் மெமரி மாடல் சி-யின் தரத்துக்குள் வந்தது 2011-ல். அதுவரை கர்னல் எழுதியவர்கள் கைகட்டி இருக்கவில்லை. தங்களுக்கென்று விதிகள் வகுத்துக்கொண்டார்கள். வந்த பிறகும் அந்த மாடல் அவர்களுக்குப் போதவில்லை. ஒரு பாயின்டரைப் படித்து, அது காட்டும் இடத்தைப் படித்தால் அந்த வரிசை தானே காக்கப்படும் என்பதை கர்னலின் ஆர்.சி.யூ. (ரீட்-காப்பி-அப்டேட்) முறை நம்பியிருக்கிறது. இதற்காக சி11 தந்த 'கன்ஸ்யூம்' வசதியைக் கம்பைலர்கள் நினைத்தபடி செய்யவே இல்லை. செலவு கூடிய 'அக்வயர்' ஆகவே நடத்தின. கர்னலின் சொந்த மாடல் முறையான வடிவில் 2018-ல் லினக்ஸ் 4.17-ல் சேர்ந்தது.

ரஸ்ட் லினக்ஸ் 6.1-உடன் 2022 டிசம்பரில் உள்ளே வந்ததை மனதார வரவேற்கிறேன். இரண்டு த்ரெட் ஒரே இடத்தில் மோதுவதைக் கம்பைலரே தடுப்பது பெரிய வரம். ஆனால் அந்தப் பக்கம் நினைவகத்தைப் படிக்கும் சாதனம் அதன் கண்ணுக்குத் தெரியாது. ரஸ்ட்டின் அட்டாமிக்குகள் சி++ மாடலைப் பின்பற்றுபவை; கர்னலுக்குள் செல்லுபடியாவது லினக்ஸின் மாடல். அதைப் படிக்காமல் மொழியை மட்டும் மாற்றினால் உன் பிழை அப்படியே இருக்கும்.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் ரிஸ்க்-ஃபைவ் சிப்பான சக்தியில் 2018-லேயே லினக்ஸ் பூட் ஆனது. நீ அதில் ஓட்ட ஆசைப்படுவது எனக்குப் பெருமை. ஒன்றைக் கவனி: சக்தியின் சி-கிளாஸ் கட்டளைகளை வரிசையாக நடத்துவது, ஐ-கிளாஸ் முன்பின்னாக நடத்துவது. முன்னதில் உன் பிழை தலைகாட்டாமலே போகலாம். போர்டில் ஓடியதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதே. ரிஸ்க்-ஃபைவ் விதி எதை அனுமதிக்கிறது என்று பார்.

கர்னல் மூலநிரலில் 'டூல்ஸ்' அடைவுக்குள் மெமரி மாடலும், எந்த வரிசை நடக்கலாம் என்று சோதிக்கும் சிறிய லிட்மஸ் நிரல்களும் இருக்கின்றன. ஹெர்ட்7 கருவியில் அவற்றை ஓட்டு; ஒரு பேரியரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டு. பிறகு உன் நிரலில் வைக்கும் ஒவ்வொரு பேரியருக்கும் மேலே, எதற்கு முன்னால் எது நடந்திருக்க வேண்டும், மறுபக்கம் அதற்கு ஜோடி எங்கே இருக்கிறது என்று கமென்ட் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்