மூளையடிக் கட்டியும் கண்ணொளியும்

களமருதூரில் ஒரு பள்ளிச் சிறுவன் இருப்பதாகக் கொள்வோம். வயது பன்னிரண்டு, உயரமோ எட்டு வயதுப் பிள்ளையினது. காலையில் தலைவலி என்பான். சில நாள் வாந்தியும் உண்டு. இரவில் பன்முறை எழுந்து நீர் பருகுவான். தெருவிற் செல்லுங்கால் பக்கத்தில் வரும் மாட்டின்மீது மோதுவான். உயரக் குறைவைக் குலவழி என்பர். தலைவலியைப் பித்தம் என்பர். மோதுவதைக் கவனக்குறைவென்று கடிவர். தனித்தனியே நோக்கின் இவை அற்பமாகத் தோன்றும். ஒருங்கே நோக்கின் ஓர் அரிய ரோகத்தின் குறிகளாதல் கூடும். அதனை அறியும் வகையையும் தீர்க்கும் வகையையும் இவ்வியாசத்தில் சுருக்கமாக ஆராய்வோம்.

மூளையின் அடியில், மூக்கிற்குப் பின்னே, எலும்பில் ஒரு சிறு பள்ளம் உண்டு. சேணம் போன்ற வடிவுடைமையால் மேனாட்டார் அதனைத் துருக்கியர் சேணம் என்றனர். அதில் கடலை அளவினதாகிய பிட்யூட்டரி சுரப்பி அமைந்துள்ளது. உடல் வளர்ச்சியும், பருவமெய்தலும், தைராய்டு முதலிய பிற சுரப்பிகளின் தொழிலும் இதன் ஏவலால் நடப்பன. இதற்குச் சற்று மேலே இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்கின்றன. அதற்கும் மேலே பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றை ஆளும் ஹைப்போதலாமஸ் உள்ளது. இடமோ மிகக் குறுகியது. ஆதலால் அங்கே கட்டி வளரின் இம்மூன்றும் நெருக்குண்ணும்.

அத்தகைய கட்டிகளுள் ஒன்று கிரேனியோபாரிஞ்சியோமா. இப்பெயரை 1932இல் வழக்கிற் கொணர்ந்தவர் அமெரிக்க ரண வைத்தியராகிய ஹார்வி குஷிங். சிசு கருவில் இருக்கும்போது பிட்யூட்டரி உருவானபின் எஞ்சிய அணுக்களினின்று இது தோன்றும் என்பர். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவர்க்கே வருவது. 5 முதல் 14 வயதினரிடத்தும், 50 வயதைக் கடந்தாரிடத்தும் மிகுதியாகக் காணப்படும். இது புற்றுநோயன்று, ஆயினும் நரம்புகளோடு ஒட்டி வளர்வதால் கொடியது.

நரம்புகள் குறுக்கிடும் இடம் நெருக்குண்ணும்போது இரு கண்களிலும் வெளிப்பக்கத்துப் பார்வை மங்கும். நேர்ப்பார்வை சில காலம் கெடாதிருக்கலாம். எனவே எழுத்துப் பலகையைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளைக்கும் இக்குறை இருத்தல் கூடும். பிள்ளையை எதிரே அமர்த்தி, ஒரு கண்ணை மூடச்செய்து, மற்றதனால் நம் மூக்கை நோக்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து விரலை அசைத்துக் கொணர்க. விரலை மிகத் தாமதித்துக் காண்பானாயின் கண் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தேறினாலும் மற்றைய குறிகள் இருப்பின் வைத்தியரை நாடுவதே முறை.

வைத்தியர் பார்வைப் பரப்பை அளப்பர், இரத்தத்தில் ஹார்மோன்களைச் சோதிப்பர், எம்.ஆர்.ஐ. படம் எடுப்பர். கட்டியிற் படிந்த சுண்ணத்தைச் சி.டி. படம் காட்டும். இத்தனை சோதனை எதற்கு? ஒரே இடத்துக் கட்டியாயினும் சிகிச்சை ஒன்றன்று. புரோலாக்டின் சுரக்கும் கட்டி பெரும்பாலும் மாத்திரையாற் சுருங்கும். ஜெர்மினோமா கதிர் வீச்சிற்கு நன்கு இணங்கும். கிரேனியோபாரிஞ்சியோமாவுக்கோ பெரும்பாலும் ரண சிகிச்சை வேண்டும். மூக்கின் வழியாகவோ மண்டையோட்டைத் திறந்தோ அதனை எடுப்பர். முழுதும் எடுக்க முயன்றால் ஹைப்போதலாமஸ் சிதையுமெனின், ஒரு பகுதியை விட்டுக் கதிர் வீச்சுச் செய்வர்.

இதற்காக நம்மவர் கடல் கடக்க வேண்டுவதில்லை. மாண்ட்ரீல் நகரில் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு ரண சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் பா. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். கள்ளக்குறிச்சியிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டமையால், முதற் சோதனைக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று கூறுவோம். கட்டியை எடுத்தவுடன் வைத்தியம் முடிந்ததென்று எண்ணற்க. பிட்யூட்டரியின் தொழில் குன்றுமாயின் ஹைட்ரோகார்ட்டிசோன், தைராக்சின் முதலிய மருந்துகள் ஆயுள் முழுவதும் வேண்டப்படும். உடல் தேறியதென்று ஹைட்ரோகார்ட்டிசோனைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே கேடாம்; காய்ச்சற் காலத்தில் வைத்தியர் சொற்படி அளவைக் கூட்டவும் வேண்டும். கட்டி மீண்டும் வளர்தல் கூடுமாதலின் ஆண்டுதோறும் சோதனையும் தவறலாகாது. நெடுநாள் நெருக்குண்டு அழிந்த கண் நரம்பை மீட்பதற்கு மருந்தில்லை. ஆகையால் வளராத பிள்ளையையும், பக்கத்தில் வருவதைக் காணாத பிள்ளையையும் கடிவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாம்.