காற்றும் நமது விளைச்சல்தான்

மன்னார்க் கரையில் பிறந்தவர்களுக்குக் காற்றை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். எந்தக் காற்றில் வள்ளம் இறக்கலாம், எந்தக் காற்றில் நெல் தூற்றலாம் என்பதும் நமக்குத் தெரியும். அந்தக் காற்று இன்று மின்சாரமாகவும் விளைகிறது. இவ்விளைச்சலில் நமது பங்கு என்ன, அதற்காக நாம் கொடுப்பது என்ன என்று இப்பாடத்தில் பார்ப்போம். ஊருக்குத் திரும்பிய குடும்பங்களும், இன்னும் வேறிடத்தில் வாழும் குடும்பங்களும் இதை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில், காற்று வானத்தில் வீசினாலும் காற்றாலை நிற்பது காணியில்.

1. காற்று மின்சாரமாவது எப்படி?

காற்று இறக்கைகளைச் சுழற்றுகிறது. இறக்கைகளோடு இணைந்த மின்பிறப்பாக்கி சுழன்று மின்சாரத்தைத் தருகிறது. இதில் இரண்டு கணக்குகள் முக்கியமானவை.

முதலாவது, காற்றின் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். ஆகவேதான் காற்றுப் பலமாக வீசும் கரையோரங்களைத் தேடி வருகிறார்கள்.

இரண்டாவது, இறக்கையின் நீளம். மன்னார்த் தீவில் நிற்கும் பெரிய சுழலிகளின் இறக்கைகள் 126 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் சுற்றுகின்றன. அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 3 ஏக்கர். அதாவது, ஒரு சுழலி மூன்று ஏக்கர் காற்றை அறுவடை செய்கிறது.

2. இதுவரை நடந்தவை

இலங்கை மின்சார சபை 1999இல் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாற் அளவில் ஒரு பரீட்சார்த்தக் காற்றாலையை அமைத்தது. பின்னர் மன்னார்த் தீவின் தென்கரையில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் ‘தம்பபவனி’ திட்டத்தை மேற்கொண்டது. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட இத்திட்டத்தில் 30 சுழலிகள் உள்ளன. மொத்த வலு 103.5 மெகாவாற். இவை முழு வலுவில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 103,500 அலகு மின்சாரம் கிடைக்கும். மாதம் 90 அலகு பாவிக்கும் 1,150 வீடுகளுக்கு அது ஒரு மாதத்திற்குப் போதும்.

இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் திட்டத்தை அமைக்க முன்வந்து, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், தீவில் புதிய சுழலிகள் அமைப்பதை எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கினர். வேலைகள் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன. செப்டெம்பரில் மீண்டும் தொடங்கியபோது மக்களுக்கும் பொலிசாருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது.

3. நன்மைகள்

2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாடு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. நுரைச்சோலைக்குத் தேவையான நிலக்கரியும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. காற்றுக்கு விலை இல்லை. புகையும் சாம்பலும் இல்லை. சோழகம் பலமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் காற்று மின்சாரம் தந்தால், மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் தண்ணீரைச் சேமித்து வைக்கலாம். சுழலிகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் பயிரும் செய்யலாம். தமிழ்நாட்டின் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் தென்னையும் வாழையும் காற்றாலைகளின் நடுவே வளர்கின்றன.

4. கவனிக்க வேண்டியவை

மின்சாரம் தேசிய மின்வலையமைப்புக்குச் செல்கிறது. காற்றாலைக்குப் பக்கத்து வீட்டுக்கும் கொழும்பிலுள்ள வீட்டுக்கும் கட்டண விகிதம் ஒன்றே. சத்தமும் நிழலும் நமக்கு, வெளிச்சம் எல்லோருக்கும் என்றால், ஊருக்கென ஒரு பங்கு கேட்பது நியாயமே.

மன்னார்த் தீவு தாழ்ந்த மணற்பூமி. பாரமான சுழலிகளைக் கொண்டுவரப் பாதைகளை உயர்த்தினால், போதிய மதகுகள் இல்லாதவிடத்து மாரி வெள்ளம் கடலுக்குப் போக வழியின்றி வளவுகளில் தேங்கும். வெள்ளம் கூடிவிட்டது என்பது மக்களின் முக்கியமான முறைப்பாடுகளில் ஒன்று. கரையோரத்தில் மீன்பாடு குறைந்ததாகக் கடற்றொழிலாளரும் சொல்கிறார்கள். மேலும், வடதேசங்களிலிருந்து வரும் பறவைகளின் பாதையில் மன்னார் இருக்கிறது. வங்காலைச் சரணாலயம் 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

5. நாம் செய்யக்கூடியவை

கட்டுக்கரைக் குளத்து நீர் எப்படிப் பங்கிடப்படுகிறது? போகம் தொடங்குமுன் கூட்டம் கூடுகிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது நீர் திறப்பது என்பவை எல்லோர் முன்னிலையிலும் முடிவாகின்றன. காற்றுக்கும் அப்படி ஒரு கூட்டம் வேண்டும். அது சுழலி வந்திறங்கும் முன்னரே கூட வேண்டும். இடம்பெயர்ந்து வாழ்வோருக்கும் அதில் இடம் வேண்டும்.

அதுவரை:

• காணி உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வைப்போம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரிப்போம்.
• குத்தகைக்குக் கேட்டால் எத்தனை வருடம், ஆண்டுக்கு எவ்வளவு, காலம் முடிந்தபின் சுழலியையும் சீமெந்து அடித்தளத்தையும் அகற்றுவது யார் என்பவற்றை எழுத்தில் பெறுவோம். விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தில் கையொப்பம் இடாதிருப்போம்.
• சூழல் தாக்க அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால், குறித்த நாட்களுக்குள் நமது கருத்தை எழுதிக் கொடுப்போம்.
• 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் திட்ட விபரங்களைத் தமிழிலேயே கேட்போம்.

காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். எங்கே, எத்தனை, யாருடைய காணியில், யாருக்கு என்ன பங்கு என்று கேட்டால் ஊர் ஒன்றாக அமர்ந்து பேசலாம்.

கலந்துரையாடலுக்கு:

1. நமது ஊரில் மாரி வெள்ளம் ஓடும் வழிகள் எவை? அவற்றை ஒரு வரைபடமாகக் கீறிப் பார்ப்போம்.
2. நமது குழுவில் எத்தனை குடும்பங்களிடம் காணிப் பத்திரம் இல்லை?
3. காற்றாலை வருமானத்தில் ஊருக்கு ஒரு பங்கு கிடைத்தால், எதற்கு முதலில் செலவிடுவோம்?