காசு வந்துட்டுது எண்டு எப்ப சொல்லலாம்?

இந்தக் கிழமை பாடத்துக்கு எங்கட அப்பாவின் காரைத்தான் எடுத்திருக்கிறேன்.

1989ஆம் ஆண்டு ஓப்பல் கடெட். 30 வயசு தாண்டி, 'எச்' நம்பர் பிளேட்டும் எடுத்த கார். அப்பா அதை விற்க முடிவெடுத்தார். வாங்க முன்வந்தவர் சூரிச்சில் இருக்கிற ஒரு அண்ணா, விலை 6,500 யூரோ. எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே பேசி முடிஞ்சுது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரிடமிருந்து ஒரு பிடிஎஃப் வந்தது. "தம்பி, காசு போட்டுட்டன். நாளைக்கு லொறிக்காரன் வருவான், பிரீஃபையும் அவனிட்டயே குடுத்துவிடுங்கோ."

அப்பா "ஹம் அம்மன் கோயில் தேரில கண்ட பிள்ளை, குடுப்பம்" என்றார். நான் "கணக்கில காசு விழட்டும்" என்றேன். அண்டைக்கு இரவு வீட்டில நல்ல சண்டை. ஆளை நம்பவில்லை என்று சொல்வதுபோல இருந்தது அப்பாவுக்கு.

டேட்டாபேஸ் படித்தவர்களுக்கு 'கமிட்', 'ரோல்பேக்' தெரியும். கமிட் ஆகும்வரை எதையும் திருப்பலாம், ஆன பிறகு முடியாது. கார் லொறியில் ஏறினால் அது கமிட். அந்த நேரத்தில் காசும் கமிட் ஆகியிருக்க வேண்டும். பிடிஎஃப் என்பது வெறும் செய்தி. அதைப் பத்து நிமிடத்தில் யாரும் செய்யலாம். உண்மையான உத்தரவாக இருந்தாலும், வங்கி அதை நிறைவேற்றும் முன் ரத்துச் செய்யலாம்.

ஆகவே எந்த வழியில் காசு வந்தாலும் ஒரே கேள்விதான்: இதை யார், எப்போதுவரை திருப்பி எடுக்கலாம்?

காசோலையில்தான் அதிகம் பேர் மாட்டுவது. வங்கி தொகையை உடனே கணக்கில் காட்டும், ஆனால் 'பணம் வந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு. பல நாள் கழித்துக்கூடத் திரும்பலாம். "கூடப் போட்டுட்டன், மிச்சத்தை லொறிக்காரனுக்கு அனுப்புங்கோ" என்று யாராவது சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. காசோலை போலி, நீங்கள் அனுப்பியது மட்டும் உண்மைக் காசு. பேபால் என்றால், அதன் விற்பனையாளர் பாதுகாப்பு பொருளை அனுப்பியதற்கு ஆதாரம் கேட்கும். வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும் காருக்குப் பார்சல் நம்பர் ஏது?

யூரோ வலயத்துக்குள் இப்போது நல்ல வழி உடனடி வங்கிப் பரிமாற்றம். 2025 ஜனவரி 9 முதல் யூரோ வலய வங்கிகள் அதை ஏற்க வேண்டும், அக்டோபர் 9 முதல் அனுப்பும் வசதியும் கொடுக்க வேண்டும். சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதிக கட்டணம் எடுக்கக் கூடாது. 10 செக்கனில் போய்ச் சேரும், ஞாயிற்றுக்கிழமையிலும். அனுப்பியவர் பிறகு தானாகத் திருப்பி எடுக்க முடியாது. வாங்குபவர் தன் வங்கியில் தினசரி வரம்பை முன்கூட்டியே உயர்த்தி வைத்திருந்தால், கார் பக்கத்தில் நின்றபடியே முடிக்கலாம். ஆனால் அவருடைய போனைப் பார்க்க வேண்டாம். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள்.

அதே அக்டோபர் 9 முதல் பெயரும் ஐபானும் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்துச் சொல்கிறது. இது நம்மவர்களுக்குத் தனித் தலையிடி. கோயிலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கோ பின்னுக்கோ. வங்கிக் கணக்கில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் அனுப்புங்கள், இல்லாவிட்டால் "பெயர் பொருந்தவில்லை" என்று பார்த்து நேர்மையான வாங்குபவரே பயந்துவிடுவார்.

சூரிச் அண்ணாவுக்கு இதெல்லாம் உதவவில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் சுவிஸ் வங்கியைக் கட்டாது. சாதாரணப் பரிமாற்றம்தான், அதுவும் வார இறுதியில் நகராது.

பிரீஃப் விஷயத்தில் நான் ஏன் பிடிவாதமாக நின்றேன்? ஜெர்மன் சிவில் சட்டத்தின் 935ஆம் பிரிவின்படி, களவு போன பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் உரிமையாளர் ஆக முடியாது. ஆனால் நீங்கள் ஏமாந்து, உங்கள் கையாலேயே கொடுத்த பொருள் களவு போனதாகாது. ஏமாற்றியவன் காரையும் பிரீஃபையும் காட்டி மூன்றாம் ஆளுக்கு விற்றால், நல்லெண்ணத்தோடு வாங்கிய அவருக்கே கார் சொந்தமாகலாம். பிரீஃபைக் கேட்காமல் வாங்குபவரைப் பொதுவாக நீதிமன்றம் நல்லெண்ணத்தோடு வாங்கியவராக ஏற்காது. அந்தத் தாள் உங்கள் அலுமாரியில் இருக்கும்வரை காரை மீட்க வழியுண்டு. 'முழுக் காசும் வரும்வரை கார் விற்பவருக்கே சொந்தம்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும், 449ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் அந்த வரியை நம்பிப் பிரீஃபைக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய முறையில் நோட்டாக வாங்குவதும் கெட்டதில்லை. வங்கிக் கவுண்டரிலேயே எண்ணிக் கட்டச் சொல்லுங்கள், கள்ள நோட்டுப் பயம் இருக்காது. 10,000 யூரோவுக்கு மேல் கட்டினால் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தின் பிரதியைக் காட்டினால் சரி.

சனிக்கிழமை காலை நானே அண்ணாவுக்கு எடுத்துச் சொன்னேன். "லொறியைப் பிற்போடுங்கோ, அதுக்கு வாற செலவில பாதி நாங்கள் தாறம்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி தம்பி, நானெண்டாலும் அப்பிடித்தான் கேப்பன்" என்றார். செவ்வாய்க்கிழமை 6,500 யூரோ கணக்கில் விழுந்தது. புதன்கிழமை பதிவை நீக்கி, காப்புறுதிக்கும் அறிவித்தோம். வியாழக்கிழமை லொறி வந்தது. பிரீஃபை அப்பாதான் கையில் கொடுத்தார், கொடுக்குமுன் ஒருக்கா பொனட்டைத் தடவிப் பார்த்துவிட்டு.